எண்ணப்பட்ட வாக்குகளும் எண்ணப்படாத மக்களும்

தேர்தலிலே மக்கள் கட்சிகளைத் தெரிவுசெய்கின்றனர் என்று குடியியற் பாடநூல்கள் கூறுகின்றன. வகுப்பறையில் நாம் கற்பிப்பதும் அதுவே. ஆனால், வாக்குச்சாவடியின் கதவு திறக்கப்படுவதற்கு நெடுநாட்களுக்கு முன்னரே மற்றுமொரு தெரிவு நடந்து முடிந்துவிடுகின்றது. எந்த மக்களிடம் செல்வது, எவருடைய குறைகளை மேடையிற் பேசுவது, எவரைக் காணாதவர் போற் கடந்து செல்வது என்பனவற்றைக் கட்சிகள் தமக்குள்ளே தீர்மானித்துக்கொள்கின்றன. மக்கள் கட்சிகளைத் தெரிவுசெய்யுமுன்னர் கட்சிகள் மக்களைத் தெரிவுசெய்துவிடுகின்றன என்பதே இதன் பொருள்.

பெருங் கட்சிகளுக்கு இத்தெரிவு அத்துணைச் சிக்கலானதன்று. பணமும் பத்திரிகையும் கிராமத்துப் பிரமுகரும் தம் பக்கம் இருக்கையில், எல்லாரிடமும் எல்லாவற்றையும் வாக்களித்துவிட்டு அவற்றுட் சிலவற்றை மறந்துவிட அவற்றால் இயலும். சிறிய கட்சிகளின் நிலை வேறு. அவற்றின் ஆட்பலமும் பொருட்பலமும் வரையறைக்குட்பட்டவை. ஓரிடத்தில் உழைத்தால் மற்றோரிடத்தைக் கைவிடல் வேண்டும். ஒரு கோரிக்கையை உரத்துச் சொன்னால் அதனை விரும்பாதோரின் வாக்கை இழத்தல் வேண்டும். எனவே, ஒரு சிறிய கட்சி எவரை நாடிச் செல்கின்றது என்பதைக் கொண்டே அக்கட்சி யாருக்குரியது என்பதை நாம் அளந்தறியலாம். அதன் கொள்கை விளக்க அறிக்கையை விட இது நம்பத்தக்க அளவுகோலாகும்.

இவ்வளவுகோலைக் கொண்டு இலங்கை இடதுசாரிக் கட்சிகளின் வரலாற்றை இங்கு நோக்குவோம். தூற்றுவோருக்குத் துணைபோவது எமது நோக்கமன்று. இந்நாட்டில் உழைக்கும் மக்களின் உரிமைக்காகச் சிறை சென்றவர்களும் துப்பாக்கிக்கு முகங் கொடுத்தவர்களும் அக்கட்சிகளில் இருந்தனர். அத்தகையோரே தாம் முதலில் நாடிச் சென்ற மக்களை எவ்வாறு படிப்படியாக இழந்தனர் என்பதை அறிந்துகொள்ளல், அவர்களை மதிப்போருக்கே இன்றியமையாதது.

இலங்கையில் சர்வசன வாக்குரிமை 1931 இல் டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ் வந்தது. அதுவரை செல்வரும் கற்றோருமே வாக்காளராயிருந்த நாட்டிலே, கூலியாளும் குத்தகைக்காரனும் ஒரே நாளில் வாக்காளராயினர். அவர்களை எவ்வாறு அணுகுவது என்ற வினாவுக்கு அக்காலத் தொழிலாளர் இயக்கத்தினுள்ளேயே இருவேறு விடைகள் எழுந்தன.

முதலாவது விடை ஏ. ஈ. குணசிங்காவினுடையது. கொழும்பு நகரத் தொழிலாளரை முதன்முதலில் ஒன்றுதிரட்டிய பெருமை அவருக்குரியது. 1920 களில் அவர் நடத்திய வேலைநிறுத்தங்கள் வெள்ளை முதலாளிகளை நடுங்கச் செய்தன. 1928 இல் அவர் தொழிற் கட்சியைத் தோற்றுவித்தார். ஆனால் 1930 களின் பொருளாதார மந்தம் வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பெருக்கியபோது, அவர் முதலாளியை நோக்கி நீட்டிய விரலைத் திருப்பி மலையாளத் தொழிலாளியை நோக்கி நீட்டினார். சிங்களத் தொழிலாளியின் வேலையை அயலான் பறிக்கின்றான் என்ற கூற்று எளிதில் விளங்குவது. எளிதில் கைதட்டலைப் பெற்றுத் தருவது. மலையாளத் தொழிலாளி கொழும்பில் நிலைத்த வாக்காளனல்லன் என்பதும் இக்கணக்கில் அடங்கியிருந்தது.

இரண்டாவது விடையை அளித்தோர் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களிற் பயின்று சமதர்மக் கருத்துக்களுடன் நாடு திரும்பிய இளைஞர்கள். 1933 இல் வெள்ளவத்தை நெசவாலையில் வேலைநிறுத்தம் மூண்டபோது கொல்வின் ஆர். டி சில்வா முதலியோர் சிங்களத் தொழிலாளரையும் மலையாளத் தொழிலாளரையும் ஒரே அணியில் நிறுத்தினர். குணசிங்கா அதனை எதிர்த்து நின்றார். ஒருவர் பெற்ற தலைமையையும் மற்றவர் தேடிய தலைமையையும் பிரித்த கோடு அந்த ஆலை வாசலிலேயே வரையப்பட்டது எனலாம்.

1934–35 இல் மலேரியாக் கொள்ளைநோய் நாட்டைச் சூறையாடியது. சுமார் 80,000 மக்கள் மாண்டனர். கேகாலை மாவட்டத்துக் கிராமங்கள் பெருந் துயருற்றன. சூரியமல் இயக்கத்தினராகிய அவ்விளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து அக்கிராமங்களுக்குச் சென்றனர். பருப்புப் பங்கிட்ட என். எம். பெரேராவைக் கிராமத்து மக்கள் ‘பருப்பு மாத்தையா’ என்றே அழைக்கலாயினர். 1935 டிசம்பர் 18 ஆம் நாள் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. அடுத்த ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலில் றுவான்வெல்லையில் என். எம். பெரேராவும் அவிசாவளையில் பிலிப் குணவர்தனாவும் வெற்றி பெற்றனர். கட்சி பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. பெற்ற வாக்குகள் கொள்கை அறிக்கைக்குக் கிடைத்தவையல்ல; நோயுற்ற வீட்டின் வாயிலில் வந்து நின்றவர்களுக்குக் கிடைத்தவை. வாக்குக் கேட்பதற்கு முன்னரே அம்மக்களிடம் சென்றிருந்தமையே அவ்வெற்றியின் இரகசியமாகும்.

அதன் பின்னர் அக்கட்சி நாடிச் சென்ற மக்கள் மலையகத் தோட்டத் தொழிலாளர். துரைமாரின் அனுமதியின்றி வெளியார் எவரும் தோட்டத்தினுள் நுழைதல் இயலாத காலம் அது. 1940 சனவரியில் கண்டி மாவட்டத்து முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது, பொலிசாரின் துப்பாக்கிக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி இரையானார். ஊவாவின் வெவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தெரிவுசெய்து துரையின் அதிகாரத்தையே எதிர்த்து நின்றனர். இப்போராட்டங்களிற் சமசமாஜிகள் முன்னின்றனர். சிங்களக் கிராமங்களில் வாக்குப் பெற்ற ஒரு கட்சி தமிழ்த் தொழிலாளரின் லயங்களுக்குள் நுழைந்தமை அக்காலத்திற் சாதாரண நிகழ்ச்சியன்று. அதே ஆண்டில் அதன் தலைவர்கள் சிறையிடப்பட்டனர். கட்சியிலிருந்து விலக்கப்பட்டோர் 1943 இல் கம்யூனிஸ்ட் கட்சியை நிறுவினர்.

1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் இவ்வுழைப்பின் அறுவடையாக அமைந்தது. தெரிவுசெய்யப்பட வேண்டிய 95 இடங்களில் ஐக்கிய தேசியக் கட்சி 42 இடங்களையே பெற்றது. சமசமாஜக் கட்சி 10, போல்ஷவிக்–லெனினிஸ்ட் கட்சி 5, கம்யூனிஸ்ட் கட்சி 3 ஆக இடதுசாரிகள் 18 இடங்களைப் பெற்றனர். இலங்கை இந்தியக் காங்கிரஸ் 6 தோட்டப்புறத் தொகுதிகளை வென்றது. அக்காங்கிரஸ் போட்டியிடாத வேறு பல தொகுதிகளிலே தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் பெரும்பாலும் இடதுசாரிகளுக்கே விழுந்தன. உழைக்கும் மக்களின் கட்சிகளும் தோட்டத் தொழிலாளரின் பிரதிநிதிகளும் சேர்ந்து நின்றால் என்ன நேரும் என்பதை டி. எஸ். சேனநாயக்காவின் அரசாங்கம் நன்கு விளங்கிக்கொண்டது.

விளங்கிக்கொண்டதன் பெறுபேறு விரைவிலேயே வெளிவந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டமும், அதே ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரின் வாக்கைப் பறித்தன. 1946 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்திய வம்சாவளித் தமிழர் சுமார் 7,80,000 பேர். மொத்த மக்களில் நூற்றுக்கு 11.7. இத்துணைப் பெரிய மக்கட் கூட்டத்தினரில் மிகப் பெரும்பாலோர் வாக்காளர் பட்டியலிலிருந்து அழிக்கப்பட்டனர். கட்சிகள் வாக்காளரைத் தெரிவுசெய்வதன் உச்சநிலை இது. தனக்கு வாக்களியாத மக்களின் மனத்தை மாற்ற முயல்வதற்குப் பதிலாக, அவர்களை வாக்காளரல்லாதோராக்கிவிட்டது ஆளுங் கட்சி.

இச்சட்டங்களை இடதுசாரிக் கட்சிகள் அனைத்தும் பாராளுமன்றத்தில் எதிர்த்தன. தம்மைத் தெரிவுசெய்த சிங்கள வாக்காளரிற் பலருக்கு உவப்பாயிராது என அறிந்தும் எதிர்த்தன. இது அவற்றின் வரலாற்றில் மங்காத ஏடாகும். அதே வேளையில் தமிழரின் பிரதிநிதி எனத் தம்மைக் கூறிக்கொண்டவர்கள் செய்தது யாது? தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் 1948 இல் சேனநாயக்காவின் மந்திரிசபையிற் சேர்ந்தார். யாழ்ப்பாணத்துத் தொகுதிகளில் தோட்டத் தொழிலாளிக்கு வாக்கில்லை. அவனைக் கைவிட்டமையால் அங்கு ஒரு தொகுதியும் பறிபோய்விடப் போவதில்லை. இக்கணக்கு எத்துணைக் கொடியது என்பதை எண்ணி வருந்தியோரே எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் தலைமையில் வெளியேறி, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை அமைத்தனர்.

ஆயினும் ஒரு வினாவை நாம் தவிர்த்துச் செல்லல் ஆகாது. பாராளுமன்றத்திற்கு வெளியே நிகழ்ந்தது என்ன? 1953 இல் மானிய அரிசி கொத்தொன்று 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, இடதுசாரிகளின் அழைப்பை ஏற்று ஓகஸ்ட் 12 ஆம் நாள் நாடே ஸ்தம்பித்தது. மந்திரிசபை துறைமுகத்தில் நின்ற போர்க்கப்பலிற் கூடியது. சில வாரங்களிற் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். இலட்சக்கணக்கான தொழிலாளரின் குடியுரிமை பறிக்கப்பட்டபோது அத்தகைய ஹர்த்தால் எதுவும் எழவில்லை. 1952 இல் இந்தியக் காங்கிரஸ் நடத்திய சத்தியாக்கிரகம் பெரும்பாலும் தனித்தே நடந்தது. அரிசியின் விலை வாக்காளரின் வயிற்றைத் தொட்டது. குடியுரிமைச் சட்டமோ இனி வாக்காளராயிராத ஒருவரையே தொட்டது. இவ்வேறுபாடு ஒருவரின் தீய எண்ணத்தால் விளைந்ததன்று. வாக்குப் பெட்டியை நோக்கி நடக்கும் கட்சியின் கால்கள் தாமாகவே செல்லும் வழி அது.

இதனோடு மற்றொன்றும் நேர்ந்தது. தொழிலாளர் வாக்கிழந்தனர், ஆனால் அவர்களையும் கணக்கிற் சேர்த்து வகுக்கப்பட்ட மலைநாட்டுத் தொகுதிகள் 1952 தேர்தலில் அவ்வாறே இருந்தன. சில தோட்டப்புறத் தொகுதிகளில் வாக்காளர் தொகை ஒரு சில ஆயிரமாகச் சுருங்கிற்று. எஞ்சி நின்ற கண்டியக் கிராமத்து வாக்காளன் ஒருவனின் வாக்கு, கொழும்புத் தொழிலாளி ஒருவனின் வாக்கைவிடப் பன்மடங்கு பெறுமதியுடையதாயிற்று. இனிமேல் ஆட்சியமைக்க விரும்பும் எவரும் அவ்வாக்கை நாடியே செல்லல் வேண்டும். பெருங் கட்சிகள் அங்கே மொழியையும் மதத்தையும் சுமந்து சென்றன. இடதுசாரிகள் எதைச் சுமந்து செல்வது?

1955 இல் அவர்கள் அளித்த விடை துணிவானது. சிங்களமும் தமிழும் சம அந்தஸ்துடைய அரசகரும மொழிகளாதல் வேண்டும் என்ற பிரேரணையை என். எம். பெரேரா பாராளுமன்றத்திற் கொணர்ந்தார். கொழும்பு நகர மண்டபத்தில் அக்கட்சி கூட்டிய கூட்டத்தைக் காடையர் குழப்பினர். ஒரு மொழியென்றால் நாடு இரண்டாகும், இரு மொழியென்றால் நாடு ஒன்றாகும் என்ற கருத்தைக் கொல்வின் வலியுறுத்தினார். ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி தனிச் சிங்களத்தை ஏற்றது. 1956 பெப்ரவரியில் களனி மாநாட்டில் ஐக்கிய தேசியக் கட்சியும் அதனையே ஏற்றது. இவ்விரு பெருங் கட்சிகளும் ஒரே வாக்காளரை ஒரே கோஷத்தால் இழுத்த நேரத்தில், சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் அதற்கு மறுதலையாக நின்றன. ஆனால், வாக்குப் பலத்தை வேறிடத்திற் கண்ட பிலிப் குணவர்தனா பண்டாரநாயக்காவின் மக்கள் ஐக்கிய முன்னணியிற் சேர்ந்துகொண்டார்.

1956 தேர்தல் முடிவை மேலெழுந்தவாரியாக நோக்குவோர் கொள்கை உறுதிக்குக் கிடைத்த பரிசு என்று எண்ணக்கூடும். சமசமாஜக் கட்சி 14 இடங்களையும் கம்யூனிஸ்ட் கட்சி 3 இடங்களையும் பெற்றன, என். எம். பெரேரா எதிர்க்கட்சித் தலைவரானார். ஆனால் அவர்கள் மக்கள் ஐக்கிய முன்னணியுடன் போட்டி தவிர்ப்பு உடன்பாடு செய்திருந்தனர் என்பதை மறந்துவிடலாகாது. சம அந்தஸ்தைக் கோரியவர்கள் தனிச் சிங்களத்தைக் கோரியவர்களுடன் தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டே வெற்றி பெற்றனர். யூன் மாதத்தில் அரசகரும மொழிச் சட்டம் வந்தபோது அதற்கெதிராக வாக்களித்து அவர்கள் கொள்கையைக் காத்தனர். எனினும், தம் ஆசனங்களுக்கு அடியிலிருந்த நிலம் யாருடையது என்பதை அவர்கள் அறிந்தேயிருந்தனர்.

வடக்கே பருத்தித்துறையில் கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையா அதே தேர்தலில் வெற்றி பெற்றமை தனித்து நோக்கத்தக்கது. தமிழரசுக் கட்சியின் அலை 10 இடங்களை வாரிக்கொண்ட ஆண்டு அது. தமிழ்த் தலைமைகள் உயர்சாதியாரின் வாக்கையே வாக்கென எண்ணிய காலத்தில், கோயில் வாயிலிலும் தேநீர்க் கடையிலும் ஒதுக்கப்பட்ட மக்களிடம் கம்யூனிஸ்டுகள் சென்றிருந்தனர். 1960 மார்ச்சின் பின் கந்தையா பாராளுமன்றத்திற்கு மீளவில்லை. ஆனால் அம்மக்களிடையே தொடங்கிய பணி தேர்தலோடு முடிந்துவிடவில்லை. 1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், 1968 இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் ஒரு தொகுதியையும் வென்று தருவதற்காக நடத்தப்பட்டவையல்ல. தேநீர்க் கடைகளும் ஆலயங்களும் திறக்கப்பட்டன. எந்தத் தேர்தலிலும் எண்ணப்படாத வெற்றி அது.

இனி 1960 ஆம் ஆண்டுக்கு வருவோம். சிறிய கட்சிகளின் கணக்கு இவ்வாண்டிலே பட்டவர்த்தனமாகியது. பாராளுமன்றத்தின் தெரிவு உறுப்பினர் தொகை 151 ஆக உயர்த்தப்பட்டிருந்தது. பண்டாரநாயக்கா கொலையுண்ட பின் இரு பெருங் கட்சிகளும் தளர்ந்திருந்தன. ஆட்சியையே கைப்பற்றலாம் என்ற நம்பிக்கையுடன் சமசமாஜக் கட்சி மார்ச் மாதத் தேர்தலில் 101 வேட்பாளர்களை நிறுத்தியது. வாக்களித்தோரில் பத்திலொரு பங்கினருக்குச் சற்றுக் கூடுதலானோர் அதற்கு வாக்களித்தனர். கிடைத்த இடங்களோ 10. அதே தேர்தலில் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு வாக்குகளையே பெற்ற தமிழரசுக் கட்சி 15 இடங்களை வென்றது.

இதன் காரணம் வெளிப்படை. தமிழரசுக் கட்சியின் வாக்காளர் வடக்கிலும் கிழக்கிலும் செறிந்து வாழ்ந்தனர். சமசமாஜ வாக்காளர் நாடெங்கும் சிதறிக் கிடந்தனர். ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற முறையில், செறிந்த ஆயிரம் வாக்கு சிதறிய பத்தாயிரம் வாக்கை வெல்லும். இம்முறை இனத்தையும் ஊரையும் பற்றி நிற்கும் கட்சிக்குப் பரிசளிக்கின்றது. நாடெங்கும் பரந்த வர்க்கத்தைப் பற்றி நிற்கும் கட்சியைத் தண்டிக்கின்றது. இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு. கொழும்பு மத்தி பல உறுப்பினர் தொகுதி. அங்கே வாக்காளர் தமக்குரிய வாக்குகள் அனைத்தையும் ஒருவருக்கே அளிக்கலாம். சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் என மூவினத் தொழிலாளரும் கலந்து வாழ்ந்த அத்தொகுதியிலிருந்து கம்யூனிஸ்ட் கட்சியின் பீற்றர் கெனமன் 1947 முதல் 1977 வரை இடையறாது தெரிவுசெய்யப்பட்டார். வாக்கை எண்ணும் விதி வேறாயிருந்திருப்பின், கட்சிகள் நாடிச் சென்ற மக்களும் வேறாயிருந்திருப்பர் என்பதற்கு இது சான்று.

மார்ச் மாதத் தோல்வியிலிருந்து இரு பாடங்களைக் கற்றிருக்கலாம். சிதறிய வாக்கைச் செறிவாக்க நீண்டகாலம் மக்களிடையே உழைத்தல் ஒன்று. பெருங் கட்சியொன்றின் நிழலில் ஒதுங்குதல் மற்றொன்று. சமசமாஜத் தலைமை இரண்டாவதையே கற்றது. யூலை மாதத் தேர்தலில் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியுடன் செய்த உடன்பாட்டால் 12 இடங்கள் கிடைத்தன. அக்கட்சி ஐக்கிய தேசியக் கட்சியைவிடக் குறைந்த வாக்குகளைப் பெற்றும் 75 இடங்களை வென்றது. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 30 இடங்களே கிடைத்தன. உடன்பாட்டின் வலிமையை இதைவிடத் தெளிவாக எக்கணிதமும் எடுத்துக்காட்டாது.

ஆனால் நிழல் இலவசமாகக் கிடைப்பதில்லை. சிறிய கட்சி பெருங் கட்சியோடு சேரும்போது, தன் வாக்காளரை மட்டுமன்றிப் பெருங் கட்சியின் வாக்காளரையும் திருப்திப்படுத்தல் வேண்டியதாகின்றது. 1963 இல் சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி, பிலிப் குணவர்தனாவின் கட்சி ஆகிய மூன்றும் ஐக்கிய இடதுசாரி முன்னணியாக இணைந்தபோது, சம அந்தஸ்துக் கோரிக்கை பின்தள்ளப்பட்டது. 1964 யூன் மாதத்தில் சமசமாஜக் கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் மந்திரிசபையிற் சேர்ந்தது, என். எம். பெரேரா நிதி மந்திரியானார். ஒரு பகுதியினர் எதிர்த்து வெளியேறினர். அவ்வாண்டு ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களின் தலைவிதியை எழுதியது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் பேசுவது. அம்மக்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. முல்லோயாவில் அவர்களோடு நின்ற கட்சி அவ்வேளை மந்திரிசபையில் அமர்ந்திருந்தது.

1966 சனவரி 8 ஆம் நாள் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகளின் ஒழுங்குவிதிகளை எதிர்த்துக் கொழும்பில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் சுதந்திரக் கட்சியோடு இவ்விரு இடதுசாரிக் கட்சிகளும் நின்றன. பத்தாண்டுகளுக்கு முன் சம அந்தஸ்துக்காகக் கல்லடி பட்டவர்கள், தமிழுக்கு அளிக்கப்படவிருந்த சிறு இடத்தையும் எதிர்த்து வீதியில் இறங்கினர். 1970 இல் ஐக்கிய முன்னணி பெருவெற்றி ஈட்டியபோது சமசமாஜக் கட்சிக்கு 19 இடங்களும் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 6 இடங்களும் கிடைத்தன. அவற்றின் வரலாற்றில் அதுவே உச்ச எண்ணிக்கை. 1972 ஆம் ஆண்டுக் குடியரசு அரசியலமைப்பை ஆக்கும் பொறுப்புக் கொல்வின் ஆர். டி சில்வாவுக்கே வாய்த்தது. சிங்களமே அரசகரும மொழி என்பதும் பௌத்தத்துக்கு முதன்மையிடம் என்பதும் அதில் இடம்பெற்றன. சோல்பரி அரசியற்றிட்டத்தின் 29 ஆம் பிரிவு தந்த பாதுகாப்பு இடம்பெறவில்லை.

தமிழரசுக் கட்சி இக்கணக்கிலிருந்து தப்பியதா? தப்பவில்லை என்றே கூறல் வேண்டும். தோட்டத் தொழிலாளருக்கு இழைக்கப்பட்ட துரோகத்தை எதிர்த்துப் பிறந்த கட்சி அது. 1956 இல் திருகோணமலை மாநாட்டில் அவர்களின் குடியுரிமையைத் தன் பிரதான கோரிக்கைகளுள் ஒன்றாக அது வைத்தது. ஆயின் 1957 இல் பண்டா–செல்வா ஒப்பந்தம் உருவானபோது, மொழிக்கும் பிரதேச சபைகளுக்கும் ஏற்பாடுகள் கூறப்பட்டன. குடியுரிமையோ பின்னர் ஆராயப்படும் என்ற வாக்குறுதியோடு நின்றது. வாக்குள்ள வடக்கும் கிழக்கும் முன்னே நின்றன; வாக்கற்ற மலையகம் பின்னே நின்றது. கொள்கை பெயரளவில் அழியாமலிருக்கும். அது வரிசையிற் கீழே இறங்கிவிடும். கட்சிகள் மக்களைக் கைவிடும் முறை பெரும்பாலும் இதுவே.

1975 செப்டெம்பரில் சமசமாஜக் கட்சி அரசாங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. 1977 பொதுத் தேர்தலில் சமசமாஜக் கட்சிக்கும் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் ஓரிடமேனும் கிடைக்கவில்லை. எந்தச் சிங்களக் கிராமத்து வாக்கை இழக்கலாகாது என்று அவை ஒவ்வொன்றாகத் தம் கொள்கைகளைக் கைவிட்டனவோ, அவ்வாக்கு அவற்றைக் கைவிட்டது. சிங்கள உணர்வை விரும்பிய வாக்காளனுக்கு அதனை அசலாக விற்கும் கடைகள் ஏற்கெனவே இருந்தன. அவன் ஏன் படியை வாங்க வேண்டும்?

அதே தேர்தலில் மற்றொரு நிகழ்ச்சியும் நடந்தது. மூன்று உறுப்பினரைக் கொண்ட நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியிலே இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் தலைவர் எஸ். தொண்டமான் தெரிவானார். 1947 இன் பின், முப்பது ஆண்டுகள் கழித்து, மலையகத் தொழிலாளரின் பிரதிநிதியொருவர் தேர்தல் மூலம் பாராளுமன்றம் புகுந்தார். அடுத்த ஆண்டில் அவர் சேர்ந்தது ஐக்கிய தேசியக் கட்சியின் மந்திரிசபையில். அவர்களின் வாக்கைப் பறித்த கட்சியே, வாக்கு மீண்டதும் அவர்களை நாடி வந்தது. அவர்களுக்காகப் பாராளுமன்றத்தில் வாதாடிய கட்சிகளோ அப்போது பாராளுமன்றத்திலேயே இல்லை. நாடற்றோர் பிரச்சினைக்கு 1988 ஆம் ஆண்டுச் சட்டமும் 2003 ஆம் ஆண்டுச் சட்டமும் இறுதியில் முடிவு கட்டின. வாக்கற்றவன் என்றும் வாக்கற்றவனாகவே இருப்பான் என்று கணக்கிட்ட அனைவரையும் வரலாறு பொய்யராக்கியது.

இந்த வரலாறு முடிந்துபோன கதையன்று. 1965 இல் தோன்றிய மக்கள் விடுதலை முன்னணி தன் இளைஞருக்கு நடத்திய ஐந்து வகுப்புக்களுள் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. அதில் தோட்டத் தொழிலாளர் அவ்விஸ்தரிப்பின் கருவியாகவே நோக்கப்பட்டனர். அக்கட்சியை மையமாகக் கொண்ட தேசிய மக்கள் சக்தி 2020 இல் 3 இடங்களையே பெற்ற சிறிய அணி. 2024 நவம்பரில் அது 225 இடங்களில் 159 ஐ வென்றது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 இடங்களில் 3 அதற்குக் கிடைத்தன. நுவரெலியா மாவட்டத்திலும் அதுவே முதலிடம் பெற்றது. ஒருகாலத்தில் ஐயத்தோடு நோக்கிய மக்களிடமே அது வாக்குக் கேட்டுச் சென்றது. அம்மக்களும் பழையதை மனத்திற் கொள்ளாது வாக்களித்தனர். இதனை நாம் வரவேற்கலாம். ஆனால் 1947 இலும் தோட்டத் தொழிலாளர் நம்பியே வாக்களித்தனர் என்பதை நினைவிற் கொண்டே வரவேற்றல் வேண்டும். ஒரு மக்கட் கூட்டத்தின் வாக்கைப் பெறுதல் ஒரு நாட் செயல். அவ்வாக்கு இல்லாமலே வெல்லலாம் என்ற நிலை வரும்போதும் அவர்களோடு நிற்றலே சோதனை.

சிறிய கட்சிகள் தேர்தற் கணக்கைப் பார்க்கலாகாது என்று கூறுவது எமது கருத்தன்று. கணக்குப் பாராத கட்சி மேடையிலே நல்லுரை வழங்கும் சபையாக முடிந்துவிடும். கேகாலைக் கிராமத்துக்குப் பருப்புச் சுமந்து சென்றவர்களும் பின்னர் அங்கே வாக்குக் கேட்டவர்களே. அன்று மனிதனிடம் முதலிற் சென்றனர்; வாக்கு அவனைத் தொடர்ந்து வந்தது. பின்னாளில் வாக்கிடம் முதலிற் சென்றனர். வாக்கில்லாத மனிதன் வழியிலே விடப்பட்டான்.

அடுத்த முறை ஒரு சிறிய கட்சியின் தொண்டர் எம் வாயிலில் வந்து நிற்கும்போது, எமக்கு என்ன செய்வீர் என்று கேட்பது எமது உரிமை. உமக்கு வாக்களிக்க இயலாதவருக்கு என்ன செய்வீர் என்று கேட்பது எமது கடமை. இவ்விரண்டாவது வினாவை எம் மாணவரும் கேட்கப் பழகுவாராயின், குடியியற் பாடம் வீண்போகவில்லை என நாம் கொள்ளலாம்.